நேரில் வருகிற முகமே காகிதத்திலும் வரவேண்டும்

வாசகர் கேள்வி: எனக்கு வயது 24. வெள்ளவத்தையில் வசிக்கிறேன். 5 ஆண்டுகளாக மேடை நாடகங்களில் நடிக்கிறேன். இப்போது தொலைக்காட்சி நாடகங்களுக்கும் குறும்படங்களுக்கும் நடக்கும் நடிகர் தேர்வுகளுக்குப் போகத் தொடங்கியிருக்கிறேன். நண்பர் ஒருவர் நல்ல கமராவில், வெள்ளைச் சுவருக்கு முன்னால் என்னை நிறுத்தி முகப்படம் எடுத்துத் தந்தார். கைப்பேசியில் பார்த்தால் மிக நன்றாக இருக்கிறது. காலி வீதியில் ஒரு கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி 8×12 அங்குல அளவில் பிரிண்ட் போட்டேன். முகம் கறுத்து, கண்ணே தெரியாமல் வந்தது. முறையிட்டதும் மறுபடி போட்டுத் தந்தார்கள். அது மாப் பூசியதுபோல் வெளுத்துவிட்டது. இரண்டிலும் நான் இல்லை. எந்தக் காகிதத்தில், எந்த அளவில் போடவேண்டும்? 100 பிரதி எடுத்தால் பாதி விலை என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்:

தம்பி, "இரண்டிலும் நான் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். காகிதத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் உங்களுக்கு நடந்ததற்குக் காகிதம் காரணமல்ல. அதே கடையில், அதே காகிதத்தில் உங்கள் முகம் சரியாக வந்திருக்க முடியும்.

முதல் பிரதி ஏன் கறுத்தது? பிரிண்ட் போடும் இயந்திரத்தில் தானியங்கித் திருத்தம் என்று ஒன்று உண்டு. நாள் முழுவதும் படங்கள் வந்து குவியும் கடையில் ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்க முடியாது என்பதால் அதை நிறுத்தாமலே வைத்திருப்பார்கள். அதன் அடிப்படைக் கணக்கு எளிது. படம் முழுவதிலும் உள்ள வெளிச்சத்தைக் கூட்டிச் சராசரி பார்க்கும். அது நடுத்தரச் சாம்பலைவிட வெளிச்சமாக இருந்தால் படத்தை இருட்டாக்கும். இருட்டாக இருந்தால் வெளிச்சமாக்கும். கடற்கரைப் படத்துக்கும் பிறந்தநாள் படத்துக்கும் அது போதும். உங்கள் படத்திலோ பெரும்பகுதி வெள்ளைச் சுவர். சுவரைக் கணக்கில் எடுத்த இயந்திரம் வெளிச்சம் கூடிவிட்டதாக முடிவுசெய்து முழுப் படத்தையும் கீழே இறக்கியிருக்கிறது. மாநிறம் கறுப்பாகிவிட்டது, கண்குழியில் இருந்த இலேசான நிழல் கண்ணையே மூடிவிட்டது. நான் சொல்வது சரியா என்று பார்க்க, அந்த முதல் பிரதியில் சுவரைக் கவனியுங்கள். நேரில் இருந்த வெள்ளை அதில் இருக்காது. பல நாள் துவைக்காத வேட்டியின் நிறத்தில் இருக்கும். கறுப்புத் திரைக்கு முன்னால் நின்றிருந்தால் இதற்கு நேர் எதிராக நடந்திருக்கும்.

புதிய இயந்திரங்கள் படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுகின்றன. ஆனால் அந்த முகத்துக்கு எந்த நிறம் சரி என்பது அவற்றுக்குத் தெரியாது. அதை அறியவேண்டியவர் இயந்திரத்தின் முன்னால் இருக்கும் ஒப்பரேட்டர். இரண்டாவது பிரதியில் பிழை விட்டவர் அவர்தான்.

அவரைக் குறை சொல்லி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. படம் அச்சிடும் எங்கள் தொழிலே அப்படிப் பழகிப்போயிருக்கிறது. கல்யாண அல்பத்தில் மணமகளை இரண்டு படி வெளுப்பாக்கிக் கொடுத்தால் வீட்டார் மகிழ்ந்து வாங்கிப் போவார்கள். உள்ள நிறத்தில் கொடுத்தால் "பிள்ளை கறுத்துப்போய் இருக்கிறாள்" என்று திருப்பித் தருவார்கள். இதைப் பத்துத் தடவை கேட்ட கை, பதினோராவது தடவை யாரும் சொல்லாமலே வெளுக்கவைக்கும். இதற்குப் பின்னால் எங்கள் ஊரைத் தாண்டிய ஒரு வரலாறும் உண்டு. கலர் படம் பரவத் தொடங்கிய 1950களிலிருந்து கொடாக் நிறுவனம் படம் கழுவும் கடைகளான லேப்களுக்கு ஓர் அட்டை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவளுடைய தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக ஓடுகிறது என்று பொருள். ஒப்பரேட்டர்கள் அதை 'ஷெர்லி அட்டை' என்று அழைத்தார்கள். பல நிறப் பெண்கள் இருந்த அட்டை வந்தது 1990களில்தான். அதுவரை மாநிறமும் கறுப்பும் பெரும்பாலும் ஷெர்லியின் கணக்கிலேயே அச்சாகின.

அந்த 1990களில் நானும் கொழும்பில் ஒரு கலர் லேபில் ஒப்பரேட்டராக இருந்தேன். மேடை நடிகை ஒருவர் பிலிம் சுருளைத் தந்து முகப்படம் கழுவச் சொன்னார். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு முகத்தை நன்றாக வெளிச்சமாக்கிக் கொடுத்தேன். பிரதியைக் கையில் வாங்கியவர் எதுவும் பேசாமல் என்னைக் கடைவாசலுக்கு அழைத்துப்போனார். வெயில் படாத வெளிச்சத்தில் நின்று, படத்தைத் தன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தார். "தம்பி, இந்தப் பிள்ளையைப் பார்த்து வரச்சொல்லிவிடுவார்கள். பிறகு நான் போய் நிற்கும்போது, அந்தப் பிள்ளை எங்கே என்று கேட்பார்கள்" என்றார். அன்று அதைத் திரும்பக் கழுவிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் செய்த ஒவ்வொரு முகப்படத்தையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்த பிறகே உறையில் போட்டேன்.

நடிகரின் முகப்படத்துக்கு அந்த ஒரு வேலைதான். படத்தைப் பார்த்து அழைத்தவர், நீங்கள் கதவைத் திறந்து உள்ளே வரும்போது மேசையில் இருக்கும் படத்தையும் உங்களையும் மாறிமாறிப் பார்ப்பார். இரண்டும் ஒரே ஆளாக இருக்கவேண்டும். பருவை எடுத்துவிடலாம், அது அடுத்த வாரம் தானாகப் போய்விடும். மச்சத்தையும் தழும்பையும் எடுக்கக்கூடாது. தோலை வழுவழுப்பாக்கும் எந்த வேலையும் வேண்டாம். நிறத்தை ஒரு படிகூட ஏற்றவோ இறக்கவோ விடாதீர்கள்.

கறுவாத்தோட்டத்தில் கில்போர்ட் கிரசென்ட்டில் இருக்கும் லயனல் வென்ட் அரங்குக்கு நாடகம் பார்க்கவோ நடிக்கவோ போயிருப்பீர்கள். அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு புகைப்படக் கலைஞர். 1900இல் பிறந்து 1944இல் மறைந்த லயனல் வென்ட் இந்த நாட்டு மனிதர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவருடைய பிரதிகளில் கறுத்த தோள்களையும் முதுகுகளையும் பாருங்கள். நிழலிலிருந்து மினுக்கம் வரைக்கும் இடையில் எத்தனை படிகள்! எதையும் வெளுக்கவைக்காமலே அந்த உடல்கள் ஒளிர்கின்றன. கறுத்த தோலை நன்றாக அச்சிட முடியாது என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால், அதற்குரிய பதில் இந்த ஊரிலேயே 80 ஆண்டுகளுக்கு முன்பு கொடுக்கப்பட்டுவிட்டது.

இனி உங்கள் கோப்புக்கு வருவோம். முதல் தவறு வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பும் படத்தை அது நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சல் வரும்படி சுருக்கிவிடும். அதிலிருந்து 8×10 அளவுக்கு வெட்டினால் அங்குலத்துக்கு 130 சொச்சம் பிக்சல்தான் கிடைக்கும். நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 வேண்டும். அதாவது 8×10க்கு 2400×3000 பிக்சல். 24 மெகாபிக்சல் கமராவில் எடுத்த மூலக்கோப்பில் அதைவிட அதிகமாகவே இருக்கும். நண்பரிடம் மூலக்கோப்பைக் கேட்டு பென் டிரைவில் வாங்கிக் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். வாட்ஸ்அப்பைத் தவிர வேறு வழியில்லை என்றால் படமாக அனுப்பாமல் 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புங்கள், அப்போது சுருங்காது. நண்பரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: கோப்பு எஸ்ஆர்ஜிபி நிறவெளியில், அதாவது நிறங்களைக் குறிக்கும் பொதுவான முறையில், இருக்கிறதா? பெரும்பாலான லேப்கள் அதையே எதிர்பார்க்கின்றன. அடோபி ஆர்ஜிபி என்ற வேறு முறையில் சேமித்த கோப்பை அப்படியே கொடுத்தால் உதடும் கன்னமும் உயிரற்றுச் சாம்பல் பூத்து வரும். அந்தப் பழியும் கடைசியில் காகிதத்தின் மேல்தான் விழும்.

கைப்பேசியில் நன்றாக இருந்தது என்கிறீர்கள். கைப்பேசித் திரை தானே ஒளி தருவது. காகிதம் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவது மட்டுமே. திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, அறைக்குள் வைத்துப் பாருங்கள். அப்போதும் கண்ணில் உயிர் தெரிந்தால் படம் தயார். தெரியாவிட்டால் கடைக்குப் போகுமுன் கண்களில் விழுந்த நிழலை மட்டும் சற்றே வெளிச்சமாக்கும்படி நண்பரிடம் சொல்லுங்கள். அது முகத்தை வெளுப்பாக்குவது அல்ல. கண்ணுக்கு மட்டும் விளக்குப் பிடிப்பது.

அளவு. அமெரிக்காவில் நடிகர்களின் முகப்படத்துக்கு 8×10 அங்குலம் என்பது நெடுங்கால வழக்கம். பின்பக்கம் தன்விவரத்தைப் பிணைத்துக் கொடுப்பார்கள். அந்த ஊர் வழக்கம் என்பதற்காக அல்ல, நம் ஊர்க் கோப்புக்குப் பொருந்துகிறது என்பதற்காகவே உங்களுக்கும் 8×10ஐச் சொல்கிறேன். இங்கே தன்விவரம் ஏ4 தாளில் போகிறது. ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். நீங்கள் போட்ட 8×12 பிரதியின் நீளம் 305. ஏ4 தாள்களோடு அடுக்கினால் அந்த 8 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பைக்குள் வைத்து 100ஆம் இலக்கப் பஸ்ஸில் ஒரு தடவை நெரிபட்டால் அந்த ஓரம்தான் முதலில் மடங்கும். 8×10 ஏ4க்குள் அடங்கிவிடும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கமரா எடுக்கும் படம் 2:3 விகிதம். 8×10 என்பது 4:5. ஆகவே நீளத்தில் 2 அங்குலம் வெட்டுப்படும். வெட்டுவதைக் கடையிடம் விட்டால் இயந்திரம் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று சரிபாதியாக வெட்டும். உச்சந்தலை பறிபோகும், கீழே சேர்ட்டின் பொத்தான்கள் பத்திரமாக இருக்கும். நீங்களே, அல்லது நண்பரே, 4:5க்கு வெட்டிக் கொண்டுபோங்கள். கண்கள் படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கட்டும். முகத்தை ஓரத்தோடு ஒட்டவைக்காமல் சிறிது மூச்சுவிட இடம் கொடுங்கள்.

இப்போது காகிதம். கொழும்பில் உங்களுக்கு மூன்று வகை அச்சு கிடைக்கும். ஒன்று, லேப்களில் போடுவது. வெள்ளி உப்புப் பூசிய காகிதத்தில் ஒளியால் படத்தைப் பதித்து, இரசாயனத்தில் கழுவி உலர்த்தி எடுப்பார்கள். இன்னமும் 'படம் கழுவுவது' என்று சொல்கிறோமே, அந்தச் சொல் முழு உண்மையாக இருப்பது இங்கேதான். இரண்டு, மையை நுண்துளிகளாகத் தெளித்து அச்சிடும் இன்க்ஜெட். மூன்று, விசிட்டிங் கார்டும் அழைப்பிதழும் அடிக்கும் டிஜிட்டல் பிரஸ் அல்லது கலர் போட்டோப்பிரதி இயந்திரம். மூன்றாவது மலிவு, வேகம். ஆனால் முகத்துக்கு வேண்டாம். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து இமை மயிரின் மேல் வைத்துப் பாருங்கள். பிரஸ்ஸில் அடித்ததில் மயிர் இருக்காது. நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகச் சிறு புள்ளிகளின் கூட்டம்தான் இருக்கும். கழுவிய படத்தில் புள்ளியே தெரியாது. ஒரு நிறம் அடுத்த நிறத்துக்குள் கரைந்து போகும். கன்னத்திலிருந்து தாடைக்கு நிழல் இறங்கும் இடம்தான் முகத்துக்கு உருவம் தருகிறது. அந்த இறக்கம் படிக்கட்டாக இல்லாமல் சரிவாக இருப்பது கழுவிய படத்தில்தான். நல்ல நிறமி மை போட்ட இன்க்ஜெட்டும் இதற்குக் கிட்ட வரும், சில வேளை மிஞ்சவும் செய்யும். ஆனால் அதற்குக் காகிதமும் மையும் ஒன்றுக்கொன்று பழக்கப்பட்ட, கவனமான ஸ்டூடியோ வேண்டும். மலிவான சாய மை என்றால் ஈரவிரல் பட்டதும் கரையும். மாதிரிப் பிரதியின் மூலையில் ஈரவிரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மழையில் நனைந்துகொண்டு தேர்வுக்குப் போகிற ஊரில் இந்தச் சோதனை கட்டாயம்.

மேற்பரப்பைக் கேட்டால் என் பதில் லஸ்டர், அதாவது இலேசான மினுக்கம் உள்ளது. குளோஸி என்கிற பளபளப்புக் காகிதம் கடையில் பார்க்கும்போது கண்ணைப் பறிக்கும். கையில் எடுத்ததும் விரல் அடையாளம் பதியும். கொழும்பின் ஈரப்பதத்தில் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகத்தின் ஒரு துண்டு உறையோடு போய்விடும். இன்றைய நடைமுறையில் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. தேர்வு நடத்துபவர் உங்கள் பிரதியை மேசையில் வைத்து, தன் கைப்பேசியால் படம் பிடித்து இயக்குநருக்கு அனுப்புவார். குளோஸி என்றால் உங்கள் நெற்றியில் கூரையின் டியூப் லைட் வெள்ளைக் கோடாக விழுந்திருக்கும். லஸ்டரில் நுண்ணிய மேடுபள்ளம் இருப்பதால் வெளிச்சம் சிதறிப்போகும். கறுப்பும் ஆழமாக நிற்கும். மினுக்கமே இல்லாத முழு மேட் காகிதத்தில் கறுப்பு சாம்பலாகிவிடும். நம் தலைமயிருக்கு அது சரிவராது. கடைகளில் 'மேட்' என்று கேட்டால் சில வேளை லஸ்டர் போன்றதையே தருவார்கள். பெயரை நம்பாமல் ஒரு வெட்டுத்துண்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். லமினேட் செய்து தருகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். குளோஸியின் எல்லாக் குறைகளும் அதோடு திரும்பி வந்துவிடும்.

கடையைத் தேர்வது எப்படி? விலைப் பலகையைப் பார்க்காதீர்கள். "தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு 8×10 போட்டுத் தாருங்கள், பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன்" என்று கேளுங்கள். "அப்படிச் செய்ய முடியாது" என்கிற கடையிலிருந்து மரியாதையாக வெளியே வந்துவிடுங்கள். "எந்த நேரம் வருவீர்கள், நானே போட்டு வைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவரை விடாதீர்கள்; அவருடைய பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, அடுத்த முறையும் அவர் கடமையில் இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். இயந்திரம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். நீங்கள் காசு கொடுப்பது அந்த ஆளின் கண்ணுக்கு.

காலை 9, 10 மணி வாக்கில் போங்கள். பிரதியைக் கடையின் மஞ்சள் விளக்கில் பார்க்கவேண்டாம். வாசலுக்கு வந்து, நேர் வெயில் படாத நிழலில், கூட வந்தவரிடம் கொடுத்து உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். முதலில் கண்ணின் வெள்ளையைப் பார்க்கவேண்டும். அது பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால் முழுப் படத்திலும் அந்தச் சாயம் ஏறியிருக்கிறது. பிறகு தலைமயிர். காதோரத்தில் மயிர் தனித்தனியாகத் தெரியவேண்டும். தார் ஊற்றியது போல ஒரே கறுப்பாக இருந்தால் பிரதி இருட்டு. பிறகு கழுத்து. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்று இருந்தால் யாரோ முகத்தை மட்டும் வெளுத்திருக்கிறார்கள். உங்கள் இரண்டாவது பிரதியில் இதை இப்போதே பார்க்கலாம். கடைசியாக, கூட வந்தவரிடம் "இது நானா?" என்று மட்டும் கேளுங்கள். அம்மாவைக் கூட்டிப்போகாதீர்கள், அவருக்கு எல்லாப் படத்திலும் நீங்கள் வடிவாகத்தான் தெரிவீர்கள். உங்களோடு மேடையேறும் ஒருவர் நல்லது.

100 பிரதி எடுக்கவேண்டாம், தம்பி. இன்று முதல் வடிகட்டல் பெரும்பாலும் கைப்பேசியிலும் மின்னஞ்சலிலும் நடந்துவிடுகிறது; காகிதப் பிரதி வேலை செய்வது நீங்கள் நேரில் போகும் இடத்தில். அதற்கு 10 அல்லது 12 போதும். 24 வயதில் ஒரு நாடகத்துக்குத் தாடி வளர்ப்பீர்கள், அடுத்ததற்கு மொட்டையடிப்பீர்கள். 100இல் 80 பிரதி பழைய ஆளாகிவிடும். அரை விலை என்றாலும் எறியப்போகும் பிரதிக்குக் கொடுத்த காசு முழுக் காசுதான். அந்த மிச்சத்தை மாதிரிப் பிரதிகளுக்குச் செலவிடுங்கள்.

படத்தின் கீழ் ஓரத்தில் சிறிய வெள்ளைப் பட்டி விட்டு உங்கள் பெயரை அச்சிடச் சொல்லுங்கள். தமிழோடு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். கொழும்பில் உங்கள் படத்தைக் கையில் எடுப்பவர் எந்த மொழிக்காரர் என்று முன்கூட்டித் தெரியாது. தொலைபேசி இலக்கம், உயரம், பேசக்கூடிய மொழிகள் பின்பக்கத்தில் ஒட்டும் அச்சிட்ட சிட்டையில் வரட்டும். பேனாவால் எழுதாதீர்கள். அந்தக் காகிதத்தின் முதுகில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. குமிழ்முனைப் பேனா அழுத்தினால் முன்பக்கத்தில் உங்கள் கன்னத்தில் எழுத்து எழும்பும், மையும் காயாமல் அடுத்த பிரதியின் முகத்தில் ஒட்டும்.

அந்தக் கெட்டுப்போன இரண்டு பிரதிகளையும் எறிந்துவிடாதீர்கள். புதிய கடைக்குப் போகும்போது கையில் கொண்டுபோங்கள். இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, நடுவில் கையை வைத்து "எனக்கு இங்கே வேண்டும்" என்று காட்டுங்கள். பிறகு முகத்தை நிமிர்த்தி அவர் பார்க்கும்படி நில்லுங்கள். தொழில் தெரிந்த ஒப்பரேட்டருக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தையும் தேவைப்படாது.